கோப்பு தன் கையில் இருக்க வேண்டும்: மலையூர் மென்பொருள் நிறுவனங்களும் பகிர்வுக் கருவிகளும்

பழனி மலைத்தொடரின் மேல்தட்டில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலிலும், அதற்குக் கீழே பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற ஊர்களிலும் உட்கார்ந்து மென்பொருள் எழுதி உலகச் சந்தையில் விற்கலாம் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்பு யாரேனும் சொல்லியிருந்தால், அது நடக்காத காரியம் என்றே பலரும் நினைத்திருப்பார்கள். இன்று அந்தத் தொழிலுக்கு வேண்டிய கணினியும் அறிவும் மலைக்கு வந்துவிட்டன. இணைய இணைப்பும் வந்துவிட்டது, ஆனால் அது எப்போதும் இருக்கும் என்று நம்பி வேலையைத் திட்டமிட முடிவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால் மின்கம்பியும், அதே கம்பங்களை ஒட்டிச் செல்லும் இணையக் கம்பியும் சேர்ந்தே அறுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது மலைப்பகுதி அதை மிகக் கடுமையாக உணர்ந்தது. எனவே, மலையில் இயங்க விரும்பும் சிறு மென்பொருள் நிறுவனத்தின் முதல் நடைமுறைச் சிக்கல், எழுதிய நிரலையும் வரைந்த வடிவமைப்பையும் வாடிக்கையாளர் அனுப்பிய தரவையும் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் குலையாமல் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதாகவே அமைகிறது.

இந்தக் கட்டுரை அந்தச் சிக்கலைச் சொந்தப் பணத்தில் நடக்கும் நிறுவனங்களின் கண்ணோட்டத்திலிருந்து பார்க்கிறது. பிறர் முதலீட்டை மறுத்துத் தன் முடிவுகளைத் தானே எடுக்க விரும்பும் ஒரு நிறுவனம், தன் கோப்புகளை மட்டும் யோசிக்காமல் ஒரே ஒரு சேவையிடம் ஒப்படைத்துவிட்டால், அது காத்துக்கொண்ட சுதந்திரத்தில் பாதி போய்விடும் என்பதே இதன் வாதம்.

சொந்தக் காசில் வளர்வது

துணிகர முதலீட்டாளர்களிடம் பணம் வாங்காமல், நிறுவனரின் சேமிப்பையும் வாடிக்கையாளர் கொடுக்கும் கட்டணத்தையும் மட்டுமே முதலாகக் கொண்டு நிறுவனத்தை வளர்க்கும் முறையைத் தொழில் வட்டாரத்தில் பூட்ஸ்ட்ராப்பிங் என்பார்கள். முதலீட்டாளர் பணம் போட்டால், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அதைப் பல மடங்காக்கித் திரும்ப எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அதற்கு நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்க வேண்டும். சொந்தக் காசில் நடக்கும் நிறுவனத்துக்கு அந்தக் கெடு கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாதமும் வரவு செலவைத் தாண்ட வேண்டும் என்ற கட்டாயம் உண்டு.

தமிழ்நாட்டில் இந்த வழிக்கு மிகப் பெரிய சான்று ஸோகோ. 1996-இல் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் ஆகியோரும் வேம்புவின் உடன்பிறந்தோரும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனம், தொலைத்தொடர்புக் கருவிகளைத் தயாரிப்போருக்கு வலையமைப்பை மேற்பார்வை செய்யும் மென்பொருளை விற்று வந்தது. 2001-ஐ ஒட்டி அமெரிக்கத் தொழில்நுட்பச் சந்தை சரிந்தபோது அந்த வாடிக்கையாளர் வட்டமே சுருங்கிப்போனது. ஆனால் திருப்பிக் கேட்க முதலீட்டாளர் யாரும் இல்லாததால், கையிருப்பை வைத்துக்கொண்டு மேனேஜ்எஞ்சின், ஸோகோ என்ற புதிய பொருள்களுக்கு மெதுவாக மாற நிறுவனத்துக்கு அவகாசம் கிடைத்தது. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஸோகோ கார்ப்பரேஷன் ஆனது.

மலையூர்களுக்கு இதைவிட நெருக்கமான பாடம், அந்த நிறுவனம் 2011-இல் தென்காசியில் தொடங்கிய அலுவலகத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பெருநகரம் எதற்கும் அருகில் இல்லாத மாவட்டத்தில், உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்துத் தொடங்கிய அந்த அலுவலகத்தில்தான், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஸோகோ டெஸ்க் என்ற பொருள் பெருமளவு உருவாயிற்று. 2019-இல் வேம்புவும் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறைக்கே குடிபெயர்ந்தார். சென்னையில் ஒரு பகுதியினரும் தென்காசியில் ஒரு பகுதியினரும் இருந்து ஒரே பொருளை உருவாக்குவதென்றால், இரு இடத்தாரும் ஒரே கோப்பின் ஒரே பதிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நிறுவனம் 2007-இல் ஸோகோ டாக்ஸ் என்ற ஆவணச் சேவையையும், 2019-இல் ஒர்க்டிரைவ் என்ற பகிர்வுச் சேவையையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒர்க்டிரைவில் கோப்புகளைக் குழுவின் பெயரிலேயே வைத்துக்கொள்ள முடியும் என்பதால், ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போனாலும் அவர் செய்த கோப்புகள் அவரோடு போய்விடுவதில்லை. தனிநபர் கணக்குகளில் கோப்புகளைச் சிதற விட்டுப் பின்பு தேடித் திணறும் சிறு நிறுவனங்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை தெரியும்.

சூரியனின் ஒரு படமும் மின்னஞ்சலும்

கோப்பை அனுப்புவது ஏன் இவ்வளவு சிக்கலாகிறது என்பதற்குக் கொடைக்கானலிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்டு 1901-இல் ஆய்வைத் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வானம் தெளிவாக இருந்த நாள்களில் எல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு ஆரப்போக்கில் நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் இருந்த அந்தப் படங்களை, ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் மையம் எண்மப்படுத்தி, அதாவது கணினிக் கோப்புகளாக மாற்றி, உலக ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது.

அந்தப் படங்கள் 4,096-க்கு 4,096 புள்ளிகள் கொண்டவை. ஒவ்வொரு புள்ளியின் ஒளிச்செறிவையும் குறிக்க 16 பிட், அதாவது இரண்டு பைட் இடம் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் சுருக்கப்படாத ஒரே ஒரு படம் சுமார் 32 மெகாபைட். ஜிமெயிலில் இணைப்புகளுக்கான வரம்பு 25 மெகாபைட். அந்த வரம்பு இல்லாவிட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது, ஏனெனில் மின்னஞ்சல் என்பது அடிப்படையில் எழுத்துகளை மட்டும் கொண்டுபோவதற்காக அமைக்கப்பட்டது. 1992-இல் வகுக்கப்பட்ட மைம் என்ற நெறிமுறை படம், ஒலி போன்றவற்றை எழுத்துகளாக மாற்றி அனுப்ப வழி செய்தபோது, மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்கும் முறையைக் கையாண்டது. ஆகவே 32 மெகாபைட் படம் மின்னஞ்சலில் ஏறும்போது ஏறத்தாழ 43 மெகாபைட் ஆகிவிடும். நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே மேலேற்ற முடிகிற ஓர் அலைபேசி இணைப்பில் அது போய்ச்சேர மூன்று நிமிடம் ஆகும். இரண்டாவது நிமிடத்தில் டவர் போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ஆவணக்களஞ்சியம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. படங்கள் ஃபிட்ஸ் என்ற வடிவத்தில் வைக்கப்பட்டுள்ளன. 1981-இல் வெளியிடப்பட்ட அந்த வடிவத்தின் இலக்கணம் யாருக்கும் திறந்தது, எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் சார்ந்தது இல்லை. அதனால், எண்மப்படுத்தப் பயன்பட்ட கருவியும் கணினியும் காலாவதியான பிறகும் படங்களைத் திறந்து படிக்க முடியும்.

மாறியதை மட்டும் அனுப்புதல்

அட்வென்ட்நெட் தொடங்கப்பட்ட அதே 1996-இல், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்ற இருவர் ஆர்சிங்க் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். மெதுவான இணைப்பு வழியே பெரிய கோப்பின் புதிய பதிப்பை அனுப்ப வேண்டும், மறுமுனையில் பழைய பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்றால், மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதுமே என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் இரண்டு பதிப்புகளும் ஒரே இடத்தில் இல்லாதபோது எது மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்.

ஆர்சிங்க் அதை இவ்வாறு தீர்க்கிறது. பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு அனுப்புகிறது. முதல் எண் விரைவாகக் கணக்கிடக்கூடியது, இரண்டாவது நம்பகமானது. அனுப்பும் கணினி புதிய கோப்பின் மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்துகொண்டே முதல் எண்ணைப் பொருத்திப் பார்க்கிறது. பொருந்தினால் இரண்டாவது எண்ணால் உறுதிசெய்கிறது. பொருந்தாத பகுதியை மட்டும் அனுப்புகிறது. நொடிக்கு 4 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் 200 மெகாபைட் கோப்பு முழுதாகப் போக ஏறத்தாழ ஏழு நிமிடம் ஆகும் என்றால், அதில் 3 மெகாபைட் மட்டும் மாறியிருக்கும்போது ஆர்சிங்க் சில நொடிகளில் வேலையை முடித்துவிடும். கோப்பு சுருக்கப்பட்டதாகவோ மறையாக்கம் செய்யப்பட்டதாகவோ இருந்தால் இந்தப் பயன் பெரும்பாலும் கிடைக்காது, ஏனெனில் உள்ளே ஓரிடத்தில் செய்த சிறு மாற்றம் அதற்குப் பிறகு வரும் பைட்டுகள் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆகவே, வேலை நடந்துகொண்டிருக்கும் கோப்புகளைச் சுருக்கி வைக்காமல் அப்படியே வைத்திருப்பது மலையூர் நிறுவனங்களுக்கு ஏற்ற பழக்கம்.

கருவி இன்னொருவர் கையில் இருந்தபோது

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியை உருவாக்கும் நிரலாளர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். ஒரே நிரலின் பல பதிப்புகளையும், யார் எதை எப்போது மாற்றினார் என்ற வரலாற்றையும் காத்துத் தரும் இவ்வகை மென்பொருளுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு என்று பெயர். பிட்கீப்பர் ஒரு தனியார் நிறுவனத்தின் பொருள். லினக்ஸ் நிரலாளர்களுக்குச் சில நிபந்தனைகளோடு இலவசமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆர்சிங்க் எழுதிய அதே டிரிட்ஜெல், பிட்கீப்பர் சேவையகத்தோடு பேசக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றை எழுத முற்பட்டதை ஒட்டிப் பிணக்கு எழுந்து, 2005-இல் அந்த இலவச அனுமதி நிறுத்தப்பட்டது. உலகின் மிகப் பெரிய கூட்டு மென்பொருள் முயற்சி, தன் அன்றாடக் கருவியை இழந்தது.

லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரல் மாதத்திலேயே கிட் என்ற புதிய அமைப்பை எழுதத் தொடங்கினார். சில நாள்களிலேயே அது தன் சொந்த நிரலைத் தானே நிர்வகிக்கும் நிலையை எட்டியது. ஜூனில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பு அதைக் கொண்டே தயாரிக்கப்பட்டது. கிட்டில் ஒவ்வொரு நிரலாளரின் கணினியிலும் முழு வரலாற்றோடு கூடிய முழுப் பிரதி இருக்கும். மையச் சேவையகம் இல்லாவிட்டாலும் ஒருவர் தன் மாற்றங்களைப் பதிந்துகொண்டே போகலாம், இணைப்பு வந்ததும் மற்றவர்களோடு சேர்த்துக்கொள்ளலாம். மழைநாளில் இணையம் போன பிறகும் வேலை நிற்கக் கூடாது என்று விரும்பும் மலையூர் நிரலாளருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது.

அந்தக் கிட்டை எளிதாகப் பயன்படுத்த 2008-இல் தொடங்கப்பட்ட கிட்ஹப் நிறுவனமும் முதல் நான்கு ஆண்டுகள் வெளி முதலீடு இல்லாமல், வாடிக்கையாளர் கட்டணத்திலேயே வளர்ந்தது. 2012-இல் 10 கோடி டாலர் முதலீடு பெற்று, 2018-இல் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வசம் போனது. சேவை கைமாறினாலும் அதைப் பயன்படுத்தியோருக்குத் தங்கள் நிரல் பறிபோகும் அச்சம் இருக்கவில்லை, ஏனெனில் முழுப் பிரதி அவரவர் கணினியில் இருந்தது. கிட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு: எழுத்தாலான கோப்புகளில் இருவர் செய்த மாற்றங்களை அது வரிவரியாக ஒப்பிட்டு இணைக்கும், படம், காணொளி போன்ற இரும வடிவக் கோப்புகளில் அவ்வாறு செய்ய இயலாது, அவை பெரிதானால் களஞ்சியமும் பருத்துவிடும். எனவே நிரலுக்குக் கிட், மற்றவற்றுக்கு வேறு கருவி என்று பிரித்துக்கொள்வதே முறை.

மேகமும் நேர்வழியும்

மற்றவற்றுக்கான கருவிகள் இரு பெரும் வகைப்படும். 2007-இல் தொடங்கப்பட்ட டிராப்பாக்ஸ் பிரபலப்படுத்திய முதல் வகையான மேகச் சேவையில், கணினியில் உள்ள ஒரு கோப்புறை நிறுவனத்தின் சேவையகத்தோடும், அதன் வழியே மற்றக் கணினிகளோடும் தானாக ஒத்திசைக்கப்படுகிறது. தொடங்குவது மிக எளிது. டிராப்பாக்ஸில் 2 கிகாபைட்டும் கூகுள் கணக்கில் 15 கிகாபைட்டும் கட்டணமின்றிக் கிடைப்பதால் புதிய நிறுவனங்கள் இயல்பாகவே இங்கேதான் தொடங்குகின்றன. ஆனால் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் வளர்வது. அது டாலரில் இருந்தால் ரூபாய் சரியும்போதெல்லாம் கூடும். மேலும், ஒரே அறையில் அடுத்தடுத்த மேசையில் இருப்பவருக்குக் கோப்பு கொடுப்பதற்கும் அது முதலில் மலையிறங்கித் தொலைதூரச் சேவையகத்துக்குப் போக வேண்டும். டிராப்பாக்ஸ் போன்ற சில சேவைகள் அறைக்குள்ளேயே நேராகக் கொடுக்கும் வழியைச் சேர்த்திருந்தாலும், அங்கும் கணக்கு வழக்கு எல்லாம் மையத்தைச் சார்ந்ததே.

இரண்டாவது வகை, மையச் சேவையகமே இல்லாமல் கணினிக்குக் கணினி நேராக ஒத்திசைப்பது. 2013-இல் வெளிவந்த சிங்க்திங் என்ற கட்டற்ற மென்பொருள் இவ்வகையில் முன்னணியில் இருக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. இரு கணினிகளும் ஒன்றன் எண்ணை மற்றொன்றில் பதிந்து ஏற்றுக்கொண்டால் மட்டுமே கோப்பு நகரும். வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படும். ஒரே அலுவலகத்தின் உள் வலையமைப்பில் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று தாமாகவே கண்டுகொள்வதால், வெளியே கம்பி அறுந்திருக்கும் நாளிலும் உள்ளே பகிர்வு நிற்காது. இதன் குறை, அனுப்பும் கணினியும் பெறும் கணினியும் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. ராஸ்பெரி பை போன்ற, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு கணினி ஒன்றை யுபிஎஸ் துணையோடு எப்போதும் இயங்க வைத்து, எல்லோரும் அதனோடு ஒத்திசைத்துக்கொண்டால் அந்தக் குறை தீரும்.

இவ்விரண்டுக்கும் இடையில், 2016-இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து உருவான நெக்ஸ்ட்கிளவுட் இருக்கிறது. டிராப்பாக்ஸ் தரும் வசதிகளை நிறுவனத்தின் சொந்தச் சேவையகத்திலேயே அமைத்துக்கொள்ள அது உதவுகிறது. ஜெர்மனியின் கூட்டாட்சி அரசு தன் தகவல் தொழில்நுட்ப மையத்துக்கு 2018-இல் அதைத் தேர்ந்தெடுத்தது. மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் நிறுவ ஓர் ஆளின் நேரம் வேண்டும். மூன்று பேர் நிறுவனத்தில் அந்த நேரம் மாதக் கட்டணத்தைவிட விலையுயர்ந்ததாக இருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே கதவை நம்புவதன் ஆபத்து

2020 மே மாதத்தில், பெரிய கோப்புகளை அனுப்ப உலகெங்கும் பயன்பட்டுவந்த வீடிரான்ஸ்ஃபர் தளத்தைத் தடை செய்யும்படி இந்தியத் தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பொதுமுடக்கத்தால் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த நேரம் அது. அடுத்த மாதம், ஜூன் 29-ஆம் தேதி, மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில், அலைபேசிக்கு அலைபேசி கோப்பு அனுப்பக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ஷேர்இட், ஸெண்டர் ஆகியவையும் இருந்தன. அந்த முடிவுகளுக்கான காரணங்கள் எவையாயினும், கோப்புப் பகிர்வு முழுவதையும் ஒரே கருவியில் கட்டிவைத்திருந்தவர்கள் ஒரே நாளில் மாற்று வழி தேட நேர்ந்தது.

ஒத்திசைவு வேறு, காப்புப்பிரதி வேறு என்பதும் சிறு நிறுவனங்கள் அடிக்கடி மறக்கும் வேறுபாடு. ஒத்திசைக்கப்படும் கோப்புறையில் ஒருவர் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் எல்லாக் கணினிகளுக்கும் ஒழுங்காகப் போய்ச்சேரும். அதனால் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்ற பழைய விதி இன்றும் பொருந்துகிறது. மலையில் அந்த வேறோர் இடம் மலைக்கு வெளியே, திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இருப்பது நல்லது. நிலச்சரிவும் புயலும் பாதிக்கும் பரப்பிலேயே எல்லாப் பிரதிகளையும் வைப்பதில் பொருள் இல்லை. வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரங்கள் கோப்புகளில் இருந்தால், 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்புகளும் சேர்கின்றன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யார் அதைத் திறக்க முடியும் என்று சொல்ல முடியாத நிறுவனம் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியாது.

தேர்வு செய்யும் முறை

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, கொடைக்கானலிலோ தாண்டிக்குடியிலோ ஐந்து பேரோடு தொடங்கும் நிறுவனத்துக்குச் சில தெளிவான முடிவுகள் கிடைக்கின்றன. நிரல் முழுவதும் கிட்டில், ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் பிரதியாக இருக்க வேண்டும். வடிவமைப்புக் கோப்புகளும் ஆவணங்களும் அலுவலகத்துக்குள் சிங்க்திங் வழியே நகரலாம். வாடிக்கையாளரோடு பகிர்வதற்கு ஒரு மேகச் சேவையைக் கட்டணம் செலுத்தியே வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளருக்கு எளிமை முக்கியம், அதற்காகச் செலவிடுவது நியாயமானது. மலைக்கு வெளியே உள்ள காப்புப்பிரதிக்கு இரவில் ஆர்சிங்க் மாற்றங்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். இணைப்பு இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் அதில் வழி உண்டு. மாதத்துக்கு ஒருமுறை, அந்தப் பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத காப்புப்பிரதியை நம்பித் தொழில் நடத்த முடியாது.

புதிய கருவி எதையும் ஏற்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இணையம் இல்லாத நாளில் இந்தக் கருவியோடு எவ்வளவு வேலை நடக்கும்? நாளைக்கே இதை விட்டு வெளியேறினால் எல்லாக் கோப்புகளும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவத்தில் கைக்கு வருமா? ஆள்கள் இரட்டிப்பானால் செலவு என்னவாகும்? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சொந்தக் காசில் நடக்கும் நிறுவனத்துக்கு அது இயல்பு. ஆனால் கூடிய செலவை அடுத்த மாத வருமானத்தில் ஈடுகட்டிவிடலாம், வெளியே எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்ட ஐந்தாண்டுக் கோப்புகளுக்கு ஈடு கிடையாது என்பதால், முதல் இரண்டுக்கும் மனநிறைவான விடை கிடைத்த பிறகே விலையைப் பேச வேண்டும்.

முதலீட்டாளர் இல்லாமல் நிற்பதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டுமோ, அதே அளவு கவனம் கோப்புகளைத் தன்வசம் வைத்திருப்பதற்கும் வேண்டும். அதற்குப் பெரும் பணமோ பெருநகர முகவரியோ தேவைப்படவில்லை: ஆர்சிங்க், கிட், சிங்க்திங், நெக்ஸ்ட்கிளவுட் ஆகிய நான்கும் எவரும் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளக்கூடியவை, அவற்றின் நிரலும் எல்லோருக்கும் திறந்தது. பழனி மலையின் இளைஞர்கள் படிப்பு முடிந்ததும் மலையிறங்கியே ஆக வேண்டும் என்ற நிலை மாற வேண்டுமானால், மலையிலேயே நிலைத்து நிற்கும் சிறு நிறுவனங்கள் பல தோன்ற வேண்டும். தோன்றும் ஒவ்வொரு நிறுவனமும் முதல் வாடிக்கையாளரைத் தேடும் அதே வாரத்தில் தன் கோப்புகளுக்கான ஏற்பாட்டையும் செய்துவிடுவது நல்லது, ஏனெனில் கோப்புகள் பெருகிய பிறகு அந்த ஏற்பாட்டைச் செய்வது பன்மடங்கு கடினம்.